தியோனுக்கு ஒரு குழி

தியோன் விடியற்காலையில் செத்துப்போனான். அந்தியோகியாவின் கோடைக்குப் பிணம் மறுநாள்வரை தாங்காது. அவனை எங்கே புதைப்பது என்று அவன் மனைவி கல்லிஸ்தேவுக்குத் தெரியவில்லை.

கூலிக்காரனுக்கு அந்த ஊரில் சங்கத்துக் குழிதான் கதி. படகுத்துறைச் சுமைகூலிகள் மாதாமாதம் கூடி, ஹெர்மஸ் தேவனுக்கு மது வார்த்து, படைத்த கறியைத் தின்பார்கள். செத்தவனைச் சங்கமே அடக்கம் செய்யும். தியோன் இயேசுவை நம்பி ஞானஸ்நானம் எடுத்ததும் அந்த விருந்தை விட்டுவிட்டான்; சங்கமும் அவன் பேரை அடித்துவிட்டது. எதிலும் பாதியில் நிற்கத் தெரியாத முரடன். சாகும்போதுகூட, "சங்கத்துக்காரன்கிட்ட மட்டும் போகாதடி" என்றான். வேறு எங்கே போவதென்று சொல்லாமலே கண்ணை மூடினான், பாவி.

அவள் துணிக்கடை அசரியாவிடம் ஓடினாள். அவன் யூதன். அவன் வீட்டில்தான் இயேசுவை நம்பிய யூதரும் கிரேக்கரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றார்கள். எருசலேமிலிருந்து சிலர் வந்து, நுனித்தோலை வெட்டி விருத்தசேதனம் செய்துகொள்ளாதவனோடு என்ன சாப்பாடு என்று கேட்டபின் பந்தி இரண்டாகிப் போனது. முடிவு சொல்ல எருசலேமில் பெரியவர்கள் கூடியிருந்தார்கள்.

"அண்ணே, உங்க குடும்பக் கல்லறைக் குகையில ஒரு ஓரமா அவரை வெச்சிடுங்க."

அசரியா அழுதுவிட்டான். "என் கூடப்பிறந்தவனுங்க வெட்டிப் போட்டுருவானுங்க, தங்கச்சி. எருசலேம்லருந்து ஒரு வார்த்தை வரட்டும்."

"அதுவரைக்கும் பிணத்தை உப்புல போட்டு வைக்கவா? திங்கும்போது தம்பி, செத்தா அந்நியனா?"

ஊர்ப் பிச்சைக்காரர்களின் பிணங்களைத் தள்ளும் பள்ளம் மதிலுக்கு வெளியே இருந்தது. அங்கே நாய்கள் மண்ணைக் கிளறும். அங்கே அவனைப் போட அவள் தயாராக இல்லை. நேராகப் படகுத்துறைக்கு நடந்தாள்.

சங்கத் தலைவன் கிளியோன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "வாம்மா. உங்க புது சாமி ஆறடி மண்ணு குடுக்கலையா?"

"கிண்டல் பண்ணாதீங்க. என்ன செய்யணும்?"

"அவன் பேரைத் திரும்பச் சேர்த்துக்கிறோம். நீ அவனுக்காக ஹெர்மஸுக்கு ஒரு கிண்ணம் ஊத்து. படைச்சதுல ஒரு துண்டு தின்னு. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிடலாம்."

அவள் ஊற்றினாள். தின்றாள். தண்ணீர் குடித்து விழுங்கினாள். சங்கத்துக்காரர்கள் சொன்ன சொல் தவறவில்லை. தியோனைக் குளிப்பாட்டி, நல்ல துணி சுற்றி, மரியாதையாகக் கல்லறையில் வைத்தார்கள்.

மறுநாள் காலை அசரியா மூச்சு வாங்க ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வார்த்தை வந்துடுச்சு, தங்கச்சி! உங்காளுங்க யாருக்கும் கத்தி வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பந்திதான் இனிமே. ரத்தம், விபசாரம், விக்கிரகத்துக்குப் படைச்சது, இதையெல்லாம் விலக்கினாப் போதும். வா, உனக்காகத்தான் காத்திருக்காங்க."

"நேத்து அதைத்தான் தின்னேன்" என்றாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மெல்லச் சொன்னான்: "பரவாயில்லை. எல்லார் முன்னாடியும் தப்புப் பண்ணிட்டேன், மனசு வருந்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சேர்த்துப்பாங்க."

"எதுக்கு வருந்தணும், அண்ணே? அவரை நாய் திங்க விடாததுக்கா?"

"அப்படிச் சொல்லாதே..."

"அவர் வேண்டாம்னாரு. அவர் பேச்சை மீறித்தான் செஞ்சேன். ராத்திரி பூரா அழுதேன். ஆனா வருத்தமில்லை. இல்லாததை இருக்குன்னு சொல்லி அந்த அப்பத்தைத் தின்ன என்னால முடியாது."

அசரியா எத்தனை நல்லவனாக இருந்து என்ன, அந்த நேரத்தில் அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அவன் தனியாகவே பந்திக்குத் திரும்பினான்.