ஊர் நட்ட தோட்டம்

யப்பான்காரன் துறைமுகத்தில குண்டு போட்ட வருசம், வெள்ளைக்காரனுக்கு என்ர தோட்டத்தில கண் விழுந்தது. சீனக்குடா விமானத்தளம் காணாதாம், இன்னும் நீட்ட வேணுமாம். எங்கட கப்பல்துறை ஊரில வேற ஆரின்ர வளவையும் தொடேல்லை. என்ர நிலம்தான் மட்டமாம். கேளாமல் உள்ளுக்கு வந்து அளந்து கம்பு அடிச்சிட்டுப் போனாங்கள், கோதாரி விழுவார். என்ர மனுசன் பாம்பு கடிச்சுச் செத்த பிறகு, பிள்ளைகுட்டி இல்லாத எனக்கு இருந்தது அந்தத் தோட்டமும் கிணறும்தான். அதை விட்டிட்டு நான் எங்க போறது?

கம்பைப் பிடுங்கி அடுப்பில வைச்சன். ஊர் பயந்து போச்சு. பின்னேரம் பக்கத்து வளவு அன்னலட்சுமி வந்து, செய்தது சரிதான் எண்டாள். என்ர வாய்க்குப் பயப்படாத ஒரே சீவன் அவள். அவளும் எனக்குக் கிணத்துத் துலாவில ஏறி மிதிச்சுத் தண்ணி இறைக்க உதவுற சின்னராசாவும் வீடு வீடாப் போய்ச் சனத்தைக் கூட்ட, எல்லாருமாப் பட்டாளத் துரையின்ர கந்தோர் வாசலில போய் நிண்டம். எங்களுக்காகக் கதைச்சது கிண்ணியா றஊப். கப்பல்காரருக்கு வண்டிலில எங்கட மரக்கறி ஏத்தி ஏத்தி அவங்கட பாசை கொஞ்சம் பழகினவர். வள்ளிநாயகி அக்காவின்ர தோட்டத்தை எடுத்தால் உங்கட ஆக்கள் எதைத் தின்னுவினம் எண்டு கேட்டாராம். துரை யோசிச்சுப்போட்டு, வாற கிழமை வந்து பாக்கிறன், நல்லாக் காய்க்கிற தோட்டமெண்டால் விடுறன் எண்டார்.

நல்லாக் காய்க்கிறதோ? குண்டுக்குப் பயந்து நான் காட்டுக்குள்ள ஓடி ஒளிச்சிருந்ததில பாதிப் பாத்தி காய்ஞ்சு கிடந்தது.

அப்பதான் ஊர் கூடி முடிவெடுத்தது. அவையவை தங்கட வளவில நிண்ட கத்தரி, மிளகாய், வாழைக்குட்டி எல்லாத்தையும் மண்கட்டியோட கிண்டி, வேர் வாடாமல் வெயில் தாழக் கொண்டுவந்து என்ர பாத்தியில நட்டவை. அன்னலட்சுமி பூவும் பிஞ்சுமா நிண்ட கத்தரியை ஒண்டு மிச்சம் விடாமல் கிண்டினாள். சின்னராசா தன்ர பந்தல் புடலங்காயை அறுத்து வந்து என்ர பந்தலில நூல் கட்டித் தொங்கவிட்டான். விசரா, கொடியில்லாமல் புடலங்காயோ எண்டு ஏசினன். சிரிச்சுக்கொண்டு இன்னும் ரெண்டு கட்டினான். கிணத்தடியில ஒருத்தர் துலா மிதிக்க, ஒருத்தர் இறைக்க, ஒருத்தர் வாய்க்காலில தண்ணியைத் திருப்ப, தோட்டம் கலியாண வீடு மாதிரிக் கிடந்தது. மனுசன் போன பிறகு அண்டைக்குத்தான் நான் வயிறு நிறையத் திண்டனான்.

துரை வந்தார். பாத்தி பாத்தியா நடந்தார். பந்தலுக்குக் கிட்டயும் போனார். நல்லகாலம், அவர் நூலைக் காணேல்லை. தோட்டத்தை விடலாம் எண்டார். சனம் கை தட்டினது.

பிறகு படலையைத் திறந்து வெளிய போய் ஊரைப் பாத்தார். அன்னலட்சுமி வளவிலயும் சின்னராசா வளவிலயும், எந்த வளவிலயும் ஒரு பச்சை இல்லை. கிண்டின கிடங்கும் சனம் இருக்கிற கொட்டில் வீடுகளும்தான். றஊப்பிட்ட என்னவோ சொன்னார். றஊப்பின்ர முகம் செத்துப்போச்சு.

"என்னவாம் தம்பி?"

"தோட்டத்துக்குப் பதிலா இதுகளை எடுக்கிறாங்களாம் அக்கா. ஒண்டும் விளையாத நிலம்தானேயாம், மேடு பள்ளத்தை நிரவலாமாம். கொட்டிலைப் பிரிச்சு வேற இடத்தில கட்டலாமாம்."

உள்ளதைச் சொல்லித் துலையுங்கோ எண்டு நான் வாயைத் திறக்க, அன்னலட்சுமி என்ர கையை இறுக்கிப் பிடிச்சாள்.

"வாயை மூடு மச்சாள். சொன்னால் எல்லாம் போகும். ஒண்டாவது மிஞ்சட்டும்."

ஊர்ச்சனம் எல்லாம் லொறியில கந்தளாய்ப் பக்கம் போச்சினம். போகேக்க ஒருத்தரும் என்னை ஏசேல்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசிப்போட்டு ஆறியிருப்பன். இப்ப மூண்டு பக்கமும் முள்ளுக்கம்பி, மேல விமானச் சத்தம். வாய் கிடக்கு, கதைக்க ஆளில்லை. சில நேரம் காகத்தைப் பிடிச்சு ஏசுறன். நட்டது எல்லாம் வேர் பிடிச்சிட்டுது. ஆள் ஏறி மிதிக்காமல் துலா அசையாது. கயித்தில வாளியைக் கட்டி இழுத்துக் குடம் குடமாச் சுமக்கிறன். ஆரின்ர கன்று எது எண்டு எனக்குத் தெரியும். அதால ஒண்டையும் சாக விட ஏலாமல் கிடக்கு.

போன கிழமை அன்னலட்சுமிக்கு அவளின்ர கத்தரிக்காயை றஊப்பிட்டக் குடுத்துவிட்டனான். அவர் திரும்பி வந்து, கறி வைச்சுத் திண்டவையாம், நல்ல ருசியாம் எண்டார். வண்டிலில ஏறப்போனவர் திரும்பி, "துலா ஆர் மிதிக்கிறது எண்டு கேட்டவ அக்கா" எண்டார்.

"பட்டாளத்துப் பெடியள் வந்து மிதிக்கினம் எண்டு சொல்லுங்கோ. ஒரே பகிடியும் சிரிப்பும் எண்டு சொல்லுங்கோ."

றஊப் கயிறு அறுத்த என்ர உள்ளங்கையைப் பாத்தார். ஓம் அக்கா எண்டுபோட்டு வண்டிலைத் திருப்பினார். அன்னலட்சுமியின்ர வரிசைக்கு இன்னும் தண்ணி விடேல்லை. நான் வாளியை எடுத்தன்.