நடுவில் ஒரு காலிப் பை

1.

இந்தக் கதை ஒரு சாப்பாட்டுப் பையிலிருந்து பிறந்தது. லாஸ்பேட்டை அலுவலகத்துக்கு நான் தினமும் எடுத்துப்போகும் பை. ஞாயிற்றுக்கிழமை ஊசுட்டேரியைச் சுற்றிப் பார்க்கப் போனவனுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்கூட்டர் ஓட்டியவள் சுடர்விழி. என்னோடு வேலை பார்க்கிறவள், ஏரிக்குப் பக்கத்தில் பத்துக்கண்ணில் பிறந்தவள். கல்யாணமாகாத பெண்ணின் வண்டியில் பின்னால் உட்காருகிறவன் நடுவில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும். அது எங்கள் பக்கத்து மரியாதை. நான் பையை வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

2.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘மாலை வெயிலில் ஏரி பொன்னாய்த் தகதகக்க, நாரைகள்—’

(அடச்சே! நான் எங்கே ஏரியைப் பார்த்தேன்? வண்டிக் கண்ணாடியில் தெரிந்த அவளுடைய பாதி முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

“யோவ் எழுத்தாளரே, அந்தக் கறுப்புப் பறவையப் பாரு. நாமக்கோழி. நெத்தியில வெள்ளையா இருக்கு பாரு, நாமம்.”

“பாத்தேன், பாத்தேன்.”

“வாயத் தொறந்தா பொய்யி.”

3.

ஏரியில் பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. சுற்றிப் போகிற சாலையும் அங்கே நுழைந்து இங்கே வரும். ‘வரவேற்கிறது’ என்று பலகைகள் வந்துகொண்டே இருக்கும். அடுத்த பலகை வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். வந்தது. சரி, அதற்கடுத்தது. அதுவும் வந்தது, போனது.

மீன் வறுவல் கடையில் நிறுத்தி, அவளே பேச்சை எடுத்தாள்.

“பிரான்ஸ்லேர்ந்து ஒரு வரன் வந்திருக்கு. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பம். வெள்ளிக்கெழமக்குள்ள பதில் சொல்லுன்னு அம்மா நச்சரிக்குது.”

“நல்ல எடமா?”*

“நல்ல எடந்தான்.” முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். “வேற ஒண்ணும் கேக்க மாட்டியா?”

வாய் நிறைய மீன். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

(* இந்தக் கேள்வியை அடித்துவிடலாம் என்று எத்தனையோ முறை பார்த்தேன். அடித்தால் கதை பொய்யாகிவிடுகிறது.)

4.

இந்த ‘நான்’ என்கிற பாத்திரத்தை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பக்கம் பக்கமாக எழுதுவானாம், ஒரு வார்த்தை பேச வராதாம்!

ஒரு முடிவு: விமான நிலையம், கையசைப்பு, அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம்— எழுதக் கை வரவில்லை.

இன்னொன்று: வண்டி பஞ்சர். இருவரும் தள்ளிக்கொண்டே நடக்கிறார்கள். கரையில் வைத்து நான்— சினிமாத்தனம். டயர் நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “பைய மறந்துடாத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தெருவில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

5.

வாசகர்களே, இந்த மாதிரிக் கதைகளில் முடிவை உங்களிடம் விட்டுவிடுவார்கள். என்னால் முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் எதை எழுதினாலும் முதலில் படிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். இதையும் வியாழக்கிழமை காலையில் அவளுக்குத்தான் அனுப்பப்போகிறேன். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவளிடம் என் எழுத்துத் தமிழெல்லாம் செல்லாது.

சுடர், எனக்கு நீ வேணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு நீயே முடிவு பண்ணு. மறுபடி ஏரியச் சுத்தலாம்னு தோணுச்சுன்னா, ஞாயித்துக்கெழம வாசல்ல வந்து ஹாரன் அடி.

பைய வீட்லயே வெச்சிட்டு வர்றேன்.