மோட்டார் அறையின் மெய்மை அட்டவணை

எங்கள் கூட்டுக் கிணற்றின் மோட்டார் அறைக்கு ஒரே கதவு. அதில் இரண்டு கொண்டி, இரண்டு பூட்டு. மேலே தொங்குவது என் அப்பா கண்ணுசாமியின் பூட்டு, கீழே தொங்குவது அவருடைய தம்பி, என் சித்தப்பா நல்லுசாமியின் பூட்டு. ஒருவர் முறையில் இன்னொருவர் தண்ணீர் எடுத்துவிட்டார் என்று மூன்று வருடத்துக்கு முன் ஒரு சண்டை. யார் எடுத்தார், உண்மையிலேயே எடுத்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்றைக்கே இரண்டாவது பூட்டு வந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது.

ஒரு நாள் அப்பா முறை, மறுநாள் சித்தப்பா முறை. யார் முறையானாலும் காலை ஆறு மணிக்குக் கரண்ட் வரும்போது இரண்டு பேரும் சாவியோடு வந்தாக வேண்டும். பூட்டுவதற்கு ஒருவர் போதும், அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்குத்தான் இரண்டு பேர். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பூட்டைத் திறப்பார்கள். முறை இல்லாதவர் திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்துவிடுவார்.

நான் ஜீவிதா. எரியோட்டிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் டிஸ்கிரீட் மேத்ஸ் நடத்துகிறேன். எடுத்த எடுப்பில் கோபப்படுகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர், அதில் பொய்யில்லை. அப்பாவும் சித்தப்பாவும் மறுபடி பேசிக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று முறைத்துக்கொள்வதால்தான் புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்று நான் நினைத்தேன். கதவைச் சரிசெய்துவிட்டால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

போன மாசியில் சித்தப்பா நெய்க்காரப்பட்டிக்குப் போனார். சித்தியின் அண்ணன் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டார். சாவியும் அவர் மடியிலேயே போய்விட்டது. இங்கே கத்திரி நாற்று நட்டு நாலாவது நாள். அன்று அப்பா முறை. அவர் மேல் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு, கீழ்ப் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு போன் போடுங்கப்பா."

"அவனாத் தெரிஞ்சு வரட்டும்."

"அப்ப நான் போடுறேன்."

"போட்டியின்னா நான் இன்னைக்குச் சோறு திங்க மாட்டேன் ஆத்தா, சொல்லிப்புட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவையே கல்லால் உடைத்திருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கதவு தப்பித்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் வகுப்புக்குள் போனேன். அன்றைய பாடம் கூற்றுகளை இணைப்பது. புத்தகத்தில் இருந்த உதாரணத்தை விட்டுவிட்டுப் போர்டில் ஒரு கதவு வரைந்தேன். p என்றால் 'அண்ணன் சாவியோடு வருகிறார்'. q என்றால் 'தம்பி சாவியோடு வருகிறார்'. ஒவ்வொன்றும் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கலாம். ஆக மொத்தம் அட்டவணையில் நாலு வரிசை. இருவரும் வருவது முதல் வரிசை, ஒருவர் மட்டும் வருவது அடுத்த இரண்டும், ஒருவருமே வராதது கடைசி. 'p மற்றும் q' என்று பூட்டினால் கதவு முதல் வரிசையில் மட்டும்தான் திறக்கும்.

"நாலுல மூணு தடவை திறக்காத கதவு. இப்படி ஒண்ணை எவனாவது வைப்பானா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அது எங்கள் வீட்டுக் கதவு என்று அவர்களுக்குத் தெரியாது.

பக்கத்தில் 'p அல்லது q' எழுதினேன். இதில் மூன்று வரிசை மெய், கடைசி மட்டும் பொய். முன் பெஞ்சில் இருந்த பிரிஸ்கில்லா கையைத் தூக்கினாள்.

"ரெண்டு பேருமே வந்தா மேம்?"

"அப்பவும் மெய்தான். 'அல்லது'ன்னா ரெண்டு பேரும் வரக் கூடாதுன்னு அர்த்தமில்ல."

"ஒருத்தர் போதுமே மேம். இன்னொருத்தர் எதுக்கு வரணும்?"

"வரணும்னு இல்ல, வந்தா தப்பில்ல. எழுதும்மா முதல்ல," என்று எரிந்து விழுந்தேன். பாவம், நல்ல கேள்விதான்.

சாயங்காலம் நாகல் நகரில் நூர் அகமது கடையில் இரண்டடிச் சங்கிலி வாங்கினேன். அந்தத் தெருவில் நாலு வியாபாரிகள் சேர்ந்து வைத்திருக்கும் குடோன் ஒன்று உண்டு. அதன் கேட்டில் பார்த்த வித்தைதான். கதவு வளையத்திலும் நிலை வளையத்திலும் சங்கிலியை நுழைக்க வேண்டும். ஒரு முனையில் அப்பா பூட்டு, மறுமுனையில் சித்தப்பா பூட்டு, இரண்டு பூட்டும் ஒன்றுக்குள் ஒன்று. எதைத் திறந்தாலும் சங்கிலி கழன்றுவிடும். 'மற்றும்' போய் 'அல்லது' வந்துவிடும்.

மறுநாள் காலை சித்தப்பா வந்திருந்தார். தலை தொங்கிக் கிடந்த நாற்றுகளை ரொம்ப நேரம் பார்த்தார். நான் சங்கிலியை மாட்டிக் காட்டினேன்.

"அப்ப ரெண்டு பேரும் வர வேணாம்ங்கிற?" என்றார் அப்பா.

"வேணாம். மொறை யாருதோ அவுக மட்டும் வந்தாப் போதும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சித்தப்பாதான் என்னைப் பார்த்து, "பாப்பா சொல்றது சரிதான். என்னாலதான் இம்புட்டு நாத்தும் காஞ்சு போச்சு," என்றார். அண்ணனிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார். ஆனாலும் மூன்று வருடத்தில் அந்தக் கதவடியில் சித்தப்பா பேசிய முதல் பேச்சு அது. பாதி ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு கதவு ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. அப்பா நாளில் அப்பா, சித்தப்பா நாளில் சித்தப்பா. செத்துப்போன நாற்றுக்குப் பதில் வேறு நட்டோம், அதுவும் வேர் பிடித்துவிட்டது. அப்பாதான் சரியில்லை. சித்தப்பா முறை நாளிலும் ஐந்தரைக்கே எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போவார். சற்று நின்றுவிட்டுத் திரும்பி வருவார். காபி ஆறிவிட்டது, வெஞ்சனத்தில் உப்பில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒரு சிடுசிடுப்பு.

பன்னிரண்டாம் நாள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏடி, நீ பாட்டுக்கு என்னமோ கணக்குப் போட்டுப் பூட்டை மாத்திப்புட்ட. உங்கப்பா பன்னெண்டு நாளாக் கொழுந்தனாரு மூஞ்சியப் பாக்கல."

"அது நல்லதுதானம்மா. பாத்தா மொறைச்சுக்கத்தான செய்றாக?"

"மொறைச்சாலும் பாத்தாருல்ல? அவனுக்குக் கால் வீங்கியிருக்கு, ராத்திரி தூங்கலபோல, இருமுறான்னு தெனமும் வந்து எங்கிட்டச் சொல்லுவாரு. நான் உங்க சித்திகிட்டக் கேப்பேன். இப்ப அவரு எதைச் சொல்ல, நான் எதைக் கேக்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வகுப்பில் நான் வரைந்த அட்டவணையில் 'கதவு திறக்கும்' என்று ஒரு நிரல்தான் இருந்தது. 'அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்வார்கள்' என்று இன்னொரு நிரல் போட்டிருக்க வேண்டும். அது முதல் வரிசையில் மட்டும்தான் மெய். அந்த வரிசையைத்தான் யாருக்கும் தேவையில்லாததாக நான் ஆக்கி வைத்திருந்தேன். சேர்த்து வைக்கிறேன் என்று கிளம்பி, இருந்த ஒரே சந்திப்பையும் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் அப்பா முறை. விடிந்ததும், "நானும் வாரேன்ப்பா. பூட்டைப் பழையபடி மாத்திடலாம்," என்றேன்.

"என்னத்தையும் செய்யி," என்றார். ஆனால் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்.

வரப்பு திரும்பியதும் பார்த்தேன். மோட்டார் அறைப் படியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். சங்கிலி மாட்டினபடியே இருந்தது. அவர் முறை இல்லை, அவர் சாவியும் தேவையில்லை. ஒரு கால் நன்றாகவே வீங்கியிருந்தது. என்ன சித்தப்பா என்று கேட்க வாயெடுத்தவள், நல்லவேளையாக மூடிக்கொண்டேன்.

அப்பா நாலடி தள்ளி நின்றார். முதலில் தம்பியின் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"இன்னைக்கு என் மொறை," என்றார்.

"தெரியும்ண்ணே," என்றார் சித்தப்பா. "சும்மாதான் வந்தேன்."

வந்தா தப்பில்ல என்று பிரிஸ்கில்லாவிடம் நான் கத்தியது ஞாபகம் வந்தது. ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. அப்பா மடியிலிருந்து சாவியை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

"அப்ப நீயே தெற," என்றார்.