கத்துவதற்கு ஓர் ஆள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரோடு ரோலர் என்று பெயர். வைத்தவன் யாரோ, பெயர் மட்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. பதினைந்து வயதுப் பெண், மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். தையல் கம்பெனியிலிருந்து அம்மா வீடு திரும்பும்போது பாதி உயிர்தான் மிச்சமிருக்கும். அண்ணன் ஒல்லிக்குச்சி, தின்பதெல்லாம் எங்கே போகிறதோ தெரியாது. தங்கையிடம் அவன் பேசுவது ஒன்றே ஒன்றுதான்: "சோபால என் இடத்தையும் சேர்த்து உக்காராதே."

எடையைவிட மூச்சுதான் கவலை, மாடிப்படிக்கே இப்படி இளைக்கிறதே என்று டாக்டர் அவளை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நடந்த பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். அங்கே எல்லோருமே கனத்த பிள்ளைகள். ஒருத்தரை ஒருத்தர் ஏற இறங்கப் பார்க்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதி.

வகுப்பின் முறை இதுதான். அரை நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், பிறகு கொஞ்ச நேரம் மெல்ல நடக்கலாம், மறுபடி ஓட்டம். ஒருத்தர் ஓடும்போது அவருடைய ஜோடி ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஜோடி சும்மா நின்றால் பயிற்சி கொடுக்கும் மிஸ் கத்துவார், அதை யார் தாங்குவது!

அவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் சோடாபுட்டி. தடித்த கண்ணாடிக்காரி, பெயரையும் அவளேதான் சொன்னாள். "எங்க ஸ்கூல்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. நீயும் கூப்பிட்டுக்கோ, பழகிடுச்சு." பக்கத்து ஊரிலிருந்து அவளுடைய அப்பா பைக்கில் கொண்டுவந்து விடுவார். முதல் நாள் அவள், "இன்னும் கொஞ்சம்டி, விட்டுடாதே" என்று கத்தியபோது இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவளுக்காக யாரும் அதுவரை அப்படிச் சத்தம் போட்டதில்லை. அன்றிலிருந்து அடுத்த வகுப்பு எப்போது என்பதே அவள் நினைப்பு.

மாதங்கள் போயின. எடை என்னவோ அழுது வடிந்துகொண்டுதான் இறங்கியது, மூச்சு மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அங்கேதான் வினை வந்தது. மிஸ் சோதனை ஓட்டம் அறிவித்தார். விசிலுக்கு விசில் வேகம் கூட்டி இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓட வேண்டும். குறித்த சுற்றைத் தாண்டியவர்கள் இனி வர வேண்டாம், வெளியே காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்.

சோடாபுட்டி எப்போதும் இவளுக்கு ஒரு படி பின்னால்தான். அவள் தேறப் போவதில்லை, ஆகவே தானும் தேறக் கூடாது என்று இவள் கணக்குப் போட்டாள். தன் முறை வந்தபோது, தூக்கத்தில்கூடத் தாண்டிவிடக்கூடிய சுற்றில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிஸ் உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்து சோடாபுட்டி. கடைசிச் சுற்றுக்கு முன்னால் அவள் தள்ளாடினாள், கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. வழக்கம்போல ஜோடியைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் நின்றுவிடுவாள், அடுத்த வாரமும் வருவாள். இவள் பல்லைக் கடித்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் கல்லாக இருப்பது? "இன்னும் கொஞ்சம்டி, விட்டுடாதே," என்று தன்னையறியாமல் கத்தினாள். சோடாபுட்டி கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தாள்.

எழுந்ததும் ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டாள். "அப்பாடா, தப்பிச்சேன். இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்."

"அவ்வளவு பிடிக்கலையா?"

"யாருக்குடி பிடிக்கும்? எண்ணி எண்ணி நாளைத் தள்ளினேன். ஆமா, நீ ஏன் நின்னுட்டே? நல்லாத்தானே ஓடுவே?"

"கால் பிடிச்சுக்கிச்சு."

"சீக்கிரம் நீயும் தப்பிச்சிடு, என்ன?" என்று கையாட்டிவிட்டு அப்பாவின் பைக்கில் ஏறிக்கொண்டாள். அவள் மேல் கோபப்படக்கூட இவளுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அடுத்த வகுப்பில் புதுப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நின்றார்கள். இவள் ஒருத்தி மிஞ்சினாள். மிஸ் ஸ்டாப்வாட்சை அவள் கையிலேயே கொடுத்தார். "இன்னைக்கு உனக்கு ஆள் இல்லம்மா. நீயே ஓடு, நீயே கத்திக்கோ."

அவள் ஓடினாள். ஒரு தடவை வாயைத் திறந்தும் பார்த்தாள். தனக்காகத் தானே கத்த அவளுக்குக் குரல் எழும்பவில்லை.