இரண்டாம் குரலுக்கான இடம்

...இல்லை, அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் வாசலில் இருந்த அக்கா நேராக என் முகத்தைப் பார்த்து, "யாரப் பாக்க வந்தம்மா?" என்று கேட்டுவிட்டாள், இந்தக் கொயென்ஜிப் பகுதியில் எந்த நிலவறை இசையரங்கத்துக்குப் போனாலும் கேட்கிற கேள்விதான், நாம் சொல்லும் குழுவின் பெயருக்கு நேரே தாளில் ஒரு கோடு இழுப்பார்கள், என் பள்ளித்தோழி இச்சிகாவின் குழு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் எனக்கு முன்னால் நின்றவர் சொன்ன பெயரையே நானும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கோடு குறைந்தால் அடுத்த மாதம் இச்சிகாவின் குழுவைக் கூப்பிட மாட்டார்கள். தெரிந்தும் ஏன் இப்படிச் செய்கிறேன்? சரி, இன்னொரு வழி இருக்கிறது, பாட்டில் என் குரலுக்கான அந்த இடம் வரும்போது பாடிவிடுவேன், மெதுவாகப் பாடினாலும் இச்சிகாவுக்குக் கேட்கும், நான் வந்திருப்பது தெரிந்துவிடும்...

கிதார் தொடங்கிவிட்டது, தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல ஒரே இரைச்சல், அதற்கடியில் அவள் குரல், பாடுகிறாளா முணுமுணுக்கிறாளா என்று பிரிக்க முடியாத குரல், அப்படி அமுக்கிப் பாடச் சொன்னது நான்தான், வரிகள் என்னுடையவை, வெட்கமாக இருந்தது. "ஏய் சுஸு, இவ்ளோ நல்லா எழுதிட்டு யாருக்கும் கேக்கக் கூடாதுன்னா எப்படிடி?" என்று அப்போது சிரித்தாள். பள்ளிக்குள் மட்டும் போட்டுக்கொள்ளும் காலணிகளை வைக்கும் வாசல் அலமாரியில் யாரும் எடுக்காமல் கிடந்த ஒரு ஜோடியைப் பற்றி எழுதியிருந்தேன், யாரோ ஒரு பிள்ளையுடையது என்று நினைத்துத்தான்... இப்போது அங்கே கிடப்பது என்னுடையது. இசைக்கருவி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவோம், "நீ மேல போ, நான் கீழயே நிக்கறேன்" என்பாள், மேல்குரல் எனக்கு, கீழ்க்குரல் அவளுக்கு. பள்ளி விழா நாளன்று நடைமேடை வரை போனேன், ஒரு ரயிலை விட்டேன், அடுத்ததையும் விட்டேன், வீட்டுக்குத் திரும்பிவிட்டேன், அதன்பின் பள்ளிக்கே போகவில்லை. அவள் தனியாகப் பாடினாள். எல்லாக் குழுக்களும் பல்லவியில்தான் வெடிக்கும், இவள் பல்லவியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள், எட்டு எண்ணிக்கைக்கு ஒற்றைத் தந்தி மட்டும், மேல்குரல் இருந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டாள், அந்தப் பாட்டின் பதிவை எத்தனை தடவை கேட்டிருப்பேன்...

"டேய், இப்ப பாரு, திடீர்னு எல்லாம் நின்னுடும்," என்கிறான் பக்கத்தில் ஒருவன்.

"ஏன், ஒயரு புடுங்கிக்குமா?"

"போடா லூசு. காதல் தோல்விடா. பேச்சே வரலன்னு அர்த்தம்."

காதலா? திரும்பி அவனிடம் சொல்ல வேண்டும்போல இருக்கிறது, அது என் இடம், நான் வராத இடம் என்று... இதோ, முரசு நின்றுவிட்டது, ஒற்றைத் தந்தி, ஒன்று, இரண்டு, இந்தத் தடவை பாடிவிடுவேன், மூன்று, மூச்சை இழுத்தாகிவிட்டது, நான்கு, வாய் திறக்கிறது... அதற்குள் இச்சிகா பாடுகிறாள். கண்ணை மூடிக்கொண்டு, மேலே, என் குரல் போகும் இடத்தில், எனக்கு எப்போதும் எட்டாத அந்தக் கடைசி ஸ்வரத்தையும் எட்டி, அழகாக, எவ்வளவு அழகாக... எத்தனை நாளாக இப்படிப் பாடுகிறாள்? காத்திருந்து அலுத்துவிட்டதா, இல்லை, பாட்டு வளர்ந்துவிட்டதா? அவள் மேலே போய்விட்டாள் என்றால் கீழே, அவள் எப்போதும் நின்ற இடத்தில், இப்போது யாருமில்லை. அதை எனக்காக விட்டிருக்கிறாளா, அல்லது அது வெறுமனே காலியாக இருக்கிறதா... அவ்வளவு கீழே என் குரல் இறங்குமா என்றுகூட நான் ஒருநாளும் பாடிப் பார்த்ததில்லை.