எஸ்தேரைச் சாகடிக்காத கதை

1

"எஸ்தேர உயிரோட எழுதணும், மேடம்."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். இன்று காலை கேட்டுவிட்டேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

டெட்ஸா மலையடியில் இரண்டே அறையில் நடக்கிற தொண்டு நிறுவனம் எங்களுடையது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை மட்டும் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்கிறோம். பணம் அனுப்பும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிள்ளைகளைப் பற்றிக் கதை எழுதுவது என் வேலை. இன்று அவர்கள் நேரிலேயே வருகிறார்கள். தியாமிக்கே என்ற பெண் தன் கதையை அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா ஜோகன்னஸ்பர்க் போய்த் தொலைந்தவர். அம்மா எஸ்தேர் கல்லுப் போல இருக்கிறாள்.

நிறுவனத்தை நடத்தும் ம்வாலே மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தாராளமா எழுது, அலினாஃபே. அப்புறம் அந்தப் பொண்ணு விறகு சுமக்கப் போகும். அதையும் நீயே எழுது."

2

தொடக்கம் ஒன்று: தாயை இழந்த தியாமிக்கே ஒவ்வொரு காலையும் [அடித்துவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: தாய் உயிரோடு இருந்தும் வறுமையால் [இதற்கு யாரும் பணம் அனுப்ப மாட்டார்கள்.]

தொடக்கம் மூன்று: விருந்தாளிகள் திரும்பிப் போகும்வரை எஸ்தேர் மாவு மில்லுக்குப் பின்னால் ஒளிந்து [உண்மை. அதனால் ஆகாது.]

3

போன வாரம் அடிகுழாயடியில் எஸ்தேரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"ஒரு நாளைக்குத்தானே? மத்தியானம் செத்துட்டு, பொழுது சாய எழுந்து வந்து ன்ஸிமா களி கிண்டிடறேன்."

"அடியே, நீ செத்தா ஊர்ல ஒருத்தரும் மண்வெட்டியத் தொடக் கூடாதே," என்றாள் பக்கத்து வீட்டு ஃபாலெஸ். "என் சோளத்துல களை மண்டிக் கெடக்கு. அத எடுத்து முடிக்கற வரைக்கும் மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கோ."

எல்லோரும் சிரித்தோம். [நானும்தான். இந்த வரியை அடிக்கப் போவதில்லை.]

நேற்று ஒத்திகை. "எங்கம்மா செத்துப்போயிட்டாங்க" என்று தியாமிக்கே சொன்னாள். "கீழ பாத்துச் சொல்லு. இன்னும் மெதுவா," என்றார் மேடம். குரல் உடைகிறவரை சொல்லவைத்தார்.

சாயங்காலம் எஸ்தேர் நீட்டிய தட்டைத் தியாமிக்கே வாங்கவில்லை.

"சாப்புடுடி."

"செத்தவங்க கையால சாப்புட மாட்டேன்."

"வாயால சொன்னதுதானே, கண்ணு?"

"சாவ வாயாலதானே சொல்லுவாங்க. வேற எதால சொல்லுவாங்க?"

விடிந்ததும் அம்மாவின் மண்வெட்டியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். சாவு வீட்டிலிருந்து யாரும் வயலுக்குப் போகக் கூடாதாம். எஸ்தேர் இந்த முறை சிரிக்கவில்லை. ஆனாலும் மில்லுக்குப் போய்விட்டாள். "அவ படிக்கணும்ல," என்றாள் என்னிடம்.

(அடிக்குறிப்பு போல: நானும் இப்படியொரு கதையால் படித்தவள்தான். அந்தக் கதையில் என் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை நான் வாங்கிய அன்று, உள்ளே பணம் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்ததால், அவர் மதிலுக்கு வெளியே நின்று கைதட்டினார். இன்றைக்கும் சாலையோரத்தில் கரி விற்றுக்கொண்டிருக்கிறார்.)

4

முடிவுகள், என் கைக்கு எட்டியவரை:

அ. தியாமிக்கே சொல்லிவிடுகிறாள். பள்ளி கிடைக்கிறது. வெளிநாட்டு வண்டி வரும்போதெல்லாம் எஸ்தேர் சாகிறாள்.

ஆ. சொல்லவில்லை. பள்ளி போகிறது.

இ. விருந்தாளிகள் உண்மையைக் கேட்டுக் கண் கலங்கி எஸ்தேரை [முடியவில்லை. அவர்களை எனக்குத் தெரியாது. தெரியாதவர்களின் நல்ல மனசை நம்பி எப்படி எழுதுவது?]

5

வண்டிச் சத்தம் கேட்கிறது. முற்றத்தில் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் மேடம்.

"கதை முடிஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எங்க கெளம்பிட்ட?"

"மில்லுக்கு."

"அம்மாக்காரியே ஒத்துக்கிட்டா. உனக்கென்ன?"

"பொண்ணு ஒத்துக்கலையே, மேடம்."

"படிப்பு போச்சுன்னா உன் தலைலதான் விடியும்."

"தெரியும்."

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியைக் கொடுங்கள், பிடுங்குங்கள், என் வேலையைப் பறியுங்கள். எஸ்தேரை மட்டும் சாகடிக்காதீர்கள். தியாமிக்கேயைப் பார்க்க வந்த விருந்தாளிகள் கை கழுவ, எங்கள் ஊர் வழக்கப்படி அவள் அம்மாதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவளைக் கூட்டிவர நான்