விழுந்தால் அழைக்கும் கடிகாரம்

அக்காவுக்கு வலிப்பு வரும். தையல் கூடத்தில் ஒருநாள் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, யார் கண்ணிலும் படாமல் வெகுநேரம் கிடந்தாள். அதன்பின் சூப்பர்வைசர் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவள் விழுந்தால் உடனே அவர் போனுக்கு அழைப்பு போகும்படி கைக்கடிகாரத்துக்கு ஓர் ஆப் எழுதித் தருவதாக நான்தான் வாக்குக் கொடுத்தேன். இன்று மதியத்துக்குள் காட்டாவிட்டால் அவள் மெஷினில் வேறு ஆள்.

கணினியில் இருந்த மாதிரிக் கடிகாரத்தில் ஆப் ஓடியது. அக்காவின் கடிகாரத்தில் திறந்தவுடன் மூடிக்கொண்டது. அனுமதிகளை மாற்றினேன். கடிகாரத்தையே துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். பழைய குருடி கதவைத் திறடி.

"என்னடா, மின்மினி மாதிரி மின்னிட்டு அணையுது?"

"கொஞ்சம் இரு அக்கா."

"இருக்கேன். மணி காட்டிட்டு இருந்ததையும் கெடுத்துட்ட. நேரமாச்சான்னு இப்ப எதப் பாக்க?"

கேலிதான். ஆனால் பையின் வாரை விரலில் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் பிழைப் பதிவை மேலிருந்து வரிவரியாகப் படித்தேன். விழுவதைக் கண்டுபிடிக்கும் பகுதி கிடைக்கவில்லை என்றது. வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த மற்றப் பகுதிகள் 32 பிட், 64 பிட் என இரண்டு வகையிலும் இருந்தன. நான் எழுதிய அந்தப் பகுதியை மட்டும் 64 பிட்டுக்குத் தொகுத்திருந்தேன். கடிகாரம் வந்த பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. எதை ஏற்பாய் என்று கடிகாரத்தையே கேட்டேன். 32 பிட் மட்டும் என்று பதில் வந்தது. சிப் 64தான், அதன்மேல் ஓடும் ஆண்ட்ராய்டு 32. குடியிருப்பவரை விசாரிக்காமல் வீட்டை மட்டும் அளந்திருக்கிறேன்.

அந்தப் பகுதியை 32 பிட்டுக்கும் சேர்த்துத் தொகுத்து ஏற்றினேன். திறந்தது. மூடவில்லை.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். சூப்பர்வைசர் போனை மேசைமேல் வைத்தார்.

"எங்க, காட்டுங்க."

"நான் கட்டிக்கிட்டு விழுறேன் மேடம்."

"வேலை உங்களுக்கா தம்பி? அவங்க விழுந்தாதான எனக்கு நம்பிக்கை வரும்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சிமெண்ட் தரையில் பக்கவாட்டாக விழுந்தாள்.

போன் அசையவில்லை.

"கைய ஊனிட்டேன்," என்றாள் அக்கா, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. "இன்னொரு தடவ விழுறேன்."

இந்த முறை கையை ஊன்றவில்லை. தலை தரையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அசையாமல் கிடந்தாள். போன் அடித்தது.

"சரி, போய் உக்காருங்க," என்றார் சூப்பர்வைசர்.

அக்கா எழுந்து, என்னைப் பார்க்காமல், தன் மெஷினுக்குப் போனாள். அழைப்பை நிறுத்தும் பொத்தான் அவள் மணிக்கட்டில் இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள்.